ஜப்பானிய வெந்நீர் ஊற்று விடுதியில் ஓர் இரவு: முன்பதிவு முதல் மறுநாள் காலை வரை முழு வழிகாட்டி

மதியம் மூன்று மணிக்கு உள்ளே போகலாம், மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும். ரியோகான் என்று சொல்லும் மரபான ஜப்பானிய விடுதிகள் பெரும்பாலானவற்றில் இதுதான் கணக்கு, மொத்தம் பத்தொன்பது மணி நேரம். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஒரு ஆளுக்கு 15,000 முதல் 30,000 யென் வரை கேட்கும் இடத்தில் அந்தப் பத்தொன்பது மணி நேரத்தை முழுசாக அனுபவிக்க வேண்டாமா? முதல் தடவை போனபோது எனக்கு இது புரியவில்லை. பகல் முழுக்கக் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு இரவு எட்டு மணிக்குப் போய் நின்றேன். சமையலறையை மூடிவிட்டார்கள். எனக்காகச் செய்து வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்களும் வீணாயின, காசும் திரும்பி வரவில்லை. அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. சாப்பாட்டு நேரம் ஆறு மணி என்று முன்பே எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அன்றிலிருந்து ரியோகானுக்கென்றே ஒரு நாளை ஒதுக்கிவிடுகிறேன். அந்த நாளில் வேறு எதையும் பார்ப்பதாகத் திட்டம் போடுவதில்லை. இந்த வழிகாட்டியும் அந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

எந்த ஊருக்குப் போவது

ஜப்பானில் வெந்நீர் ஊற்றை ஒன்சென் என்கிறார்கள். எது ஒன்சென் என்பதற்கு 1948-இல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். பூமியிலிருந்து வெளிவரும் இடத்தில் நீர் 25 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும், அல்லது சட்டம் குறிப்பிடும் 19 பொருள்களில் ஒன்றாவது போதிய அளவு கலந்திருக்க வேண்டும். அதனால் ஒன்சென் என்ற பெயர் இருந்தாலே நீர் கொதித்துக்கொண்டு வரும் என்று அர்த்தமில்லை. சில இடங்களில் காய்ச்சித்தான் தொட்டியில் விடுவார்கள்.

தோக்கியோவிலிருந்து சுலபமாகப் போகக்கூடியது ஹக்கோனே. ஷின்ஜுக்குவில் ரொமான்ஸ்கார் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹக்கோனே யுமோத்தோவில் இறங்கிவிடலாம். கூட்டம் அதிகம், விலையும் அதிகம். குன்மா மாவட்டத்தின் குசாட்சுவில் கந்தக வாடை ஊர் எல்லையிலேயே வந்துவிடும். நீர் கடும் அமிலத்தன்மை கொண்டது, ஊர் நடுவிலேயே ஆவி பறக்க ஓடுகிறது. கோபே நகரத்தைச் சேர்ந்த அரிமாவில் இரும்புச் சத்தால் செம்மண் நிறத்தில் ஒரு நீர், தெளிவாக இன்னொரு நீர் என்று இரண்டு வகை உண்டு. பொன் ஊற்று, வெள்ளி ஊற்று என்று பெயர்.

முதல் முறை போகிறவர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது கினோசாகி. ஹியோகோ மாவட்டத்தின் வடக்கே, கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். கியோத்தோவிலிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். 1925-இல் நிலநடுக்கமும் தீயும் சேர்ந்து ஊரை அழித்தன. திரும்பக் கட்டியபோதும் மரக் கட்டடங்களையும், நடுவே ஓடும் ஓடையையும், கரையோர வில்லோ மரங்களையும் விட்டுவிடவில்லை. ஊர்க்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: ஊரே ஒரு ரியோகான், ரயில் நிலையம்தான் அதன் வாசல், தெருக்கள் தாழ்வாரம், விடுதிகள் அறைகள், ஏழு பொதுக் குளியல் கூடங்கள்தான் குளியலறை. ஏன் இந்த ஊரை முதலில் சொல்கிறேன் என்பது கீழே குளியலைப் பற்றிப் படிக்கும்போது தெரியும்.

முன்பதிவு

ஓட்டல்போல அறைக்கு விலை சொல்ல மாட்டார்கள், தலைக்குத்தான் விலை. இணையத்தில் காட்டும் தொகை ஒருவருக்கா இருவருக்கா என்று பாருங்கள். சனிக்கிழமை இரவும் விடுமுறைக்கு முந்தின இரவும் விலை ஏறும். ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை வழிபடும் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு ஆகிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். கினோசாகியில் நண்டுக் காலம் நவம்பர் 6-இல் ஆரம்பித்து மார்ச் வரை போகும். நண்டு சாப்பிடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. சாப்பிடாதவர்கள் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை, வேறு மாதத்தில் போகலாம். தனியாகப் போகிறவர்களை, முக்கியமாகச் சனிக்கிழமைகளில், சில இடங்களில் ஏற்றுக்கொள்வதில்லை. வாரநாள் என்றால் கிடைக்கும்.

பதிவு செய்யும்போது மூன்று விஷயத்தை மட்டும் கவனியுங்கள். இப்பாகு நிஷோகு என்று இருந்தால் ஓர் இரவும் இரு வேளைச் சாப்பாடும். சுதோமாரி என்றால் சாப்பாடு கிடையாது. கென்சென் ககேநகாஷி என்று போட்டிருந்தால் ஊற்று நீர் நேராகத் தொட்டிக்கு வந்து வழிந்தோடுகிறது, ஒரே நீரைச் சுற்றிச் சுற்றி விடுவதில்லை. நீருக்காகவே போகிறவர்கள் இதைத் தேடிப் பிடிப்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளமே தாஷி என்ற சாறுதான். காய்ந்த கத்சுவோ மீனைச் சீவி, கொம்பு என்ற கடற்பாசியோடு சேர்த்து எடுப்பார்கள். மிசோ என்ற புளித்த சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் சூப்பில் அது இருக்கும். கத்தரிக்காயை வேகவைத்த நீரிலும், முட்டைக் கூழிலும், கீரைக்கு மேல் ஊற்றும் சாற்றிலும்கூட இருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாது. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் தட்டில் மீன் துண்டு வராது, ஆனால் மீன் சாறு பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டுவிடுவார்கள்.

அதனால் பதிவு செய்யும்போதே எழுதுங்கள். ஊருக்குப் போய்ச் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது, சமையல்காரர் காலையிலேயே சந்தைக்குப் போய் எல்லாம் வாங்கி வந்துவிட்டிருப்பார். எழுத வேண்டியது இது: ‘நிகு தோ சகானா, கத்சுவோ நோ தாஷி மோ தாபெராரெமாசென்.’ இறைச்சி, மீன், கத்சுவோ சாறு எதுவும் சாப்பிட முடியாது என்று பொருள். கொம்புவோ ஷீத்தாகே காளானோ மட்டும் போட்ட சாறு சரி என்பதையும் சேர்த்தால் சமையல்காரருக்கு ஒரு வழி கிடைக்கும். முட்டை, பால் சாப்பிடுவீர்களா என்பதையும் எழுதிவிடுங்கள். முடியாது என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள், அது நேர்மையான பதில். சுதோமாரி எடுத்துக்கொண்டு வெளியே சாப்பிடலாம், காலையில் சோறும் பழமும் கையோடு வைத்துக்கொள்ளலாம்.

முழுச் சைவத்தோடு ஜப்பானிய விடுதி அனுபவம்தான் முக்கியம் என்றால் கோயாசானைப் பாருங்கள். வகாயாமா மலை மேல் 816-இல் கூக்காய் என்ற துறவி நிறுவிய மடங்களின் ஊர். அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட மடங்களில் தங்கலாம். ஷோஜின் ரியோரி என்ற துறவியர் உணவில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. வெந்நீர் ஊற்றை எதிர்பார்த்துப் போகாதீர்கள், பெரும்பாலான மடங்களில் சாதாரணக் குளியல்தான்.

போய்ச் சேரும் நாள்

பெரிய பெட்டியை முந்தின ஊரிலிருந்தே, ரியோகானுக்கு அடுத்துத் தங்கப்போகும் ஓட்டலுக்கு அனுப்பிவிடுங்கள். தக்குஹைபின் என்று ஓட்டல் வரவேற்பில் கேட்டால் செய்து கொடுப்பார்கள், பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேரும். ஒரு இரவுக்கான துணியும் பாஸ்போர்ட்டும் தோள்பையில் போதும். உடை, துண்டு, பல் துலக்கும் பொருள்கள் எல்லாம் அங்கேயே தருவார்கள். நிலையத்திலிருந்து அழைத்துப்போக வண்டி உண்டா என்று முன்பே கேட்டு, ரயில் வரும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். தாமதமானால் உடனே தகவல் சொல்லுங்கள். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

வாசலில் கென்கான் என்ற தாழ்வான இடம் இருக்கும். அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டு மேல் படியில் கால் வைக்க வேண்டும். கழற்றிய காலைத் திரும்பக் கீழே தரையில் வைக்காதீர்கள். வீட்டு வாசலில் செருப்பு விட்டுப் பழகியவர்களுக்கு இது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை, கொஞ்சம் கூடுதல் கவனம் அவ்வளவுதான். தாழ்வாரத்துக்கு ஒரு ஸ்லிப்பர் தருவார்கள். தாத்தாமி பாய் விரித்த அறைக்குள் அந்த ஸ்லிப்பரும் கூடாது. கழிவறைக்குத் தனி ஸ்லிப்பர் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டே வெளியே வந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு, திரும்பிப் போய் மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

அறைக்கு உங்களை அழைத்துப்போகிற பணிப்பெண்ணை நகாய்சான் என்று அழைக்கலாம். விடுதியின் தலைவி ஒகாமி. நகாய்சான் கதவைத் திறப்பதைப் பாருங்கள். தாழ்வாரத்தில் மண்டியிட்டு உட்காருவார். முதலில் ஒரு கையால் கை நுழையும் அளவுக்கு மட்டும் நகர்த்துவார். அப்புறம் கையை மாற்றிக் கதவின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்து மீதியைத் திறப்பார். எழுந்து உள்ளே வந்து மறுபடி மண்டியிட்டுக் கதவை மூடுவார். ஒரு சத்தம் வராது. இந்த ஒரே காரியத்தை அன்று எத்தனையோ அறைகளில் செய்திருப்பார், ஆனாலும் உங்கள் அறைக் கதவை அன்றைய முதல் கதவுபோலத்தான் திறப்பார். எனக்கு ரியோகான் என்றதும் நினைவுக்கு வருவது சாப்பாடும் குளியலும் கூட இல்லை, இந்தக் கதவுதான்.

மேசையில் பச்சைத் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் வைப்பார். வெறும் வயிற்றோடு சூடான நீரில் இறங்கினால் தலை சுற்றும், அதற்காகத்தான் இனிப்பு என்று சொல்வார்கள். சாப்பிட்டுவிடுங்கள். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, அறையிலா கூடத்திலா, குளியல் கூடம் எப்போது திறந்திருக்கும் என்பதையெல்லாம் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

அறையில் கட்டில் இருக்காது. ஒரு மூலையில் சற்று உயர்ந்த மாடம், அதில் தொங்கும் ஓவியச் சுருள், ஒரு பூச்சாடி. அதன் பெயர் தோகோனோமா. பெட்டி வைக்க வசதியான மேடைபோலத்தான் தெரியும், ஆனால் அங்கே எதையும் வைக்கக் கூடாது, ஏறி உட்காரவும் கூடாது. சக்கரம் வைத்த பெட்டியைத் தாத்தாமி மேல் உருட்டாதீர்கள், பாய் கிழிந்துவிடும்.

யுகாத்தா

அலமாரியில் பருத்தி யுகாத்தா மடித்து வைத்திருக்கும். குளிக்க, சாப்பிட, தூங்க, கினோசாகி போன்ற ஊரில் தெருவில் நடக்கக்கூட இதுதான் உடை. உடம்பின் வலப்பக்கத்துத் துணியை முதலில் மடித்து, அதன் மேல் இடப்பக்கத்துத் துணி வரும்படி போடுங்கள். மாற்றிப் போடக் கூடாது, வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. கச்சையை ஆண்கள் இடுப்பெலும்பு வரை இறக்கியும் பெண்கள் இடையிலும் கட்டுவார்கள். குளிர்காலம் என்றால் மேலே போட்டுக்கொள்ள ஹவோரி தருவார்கள். அளவு சரியில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள், மாற்றித் தருவார்கள்.

குளியல்

ஊற்று நீர்த்தொட்டி உடம்பைக் கழுவும் இடம் இல்லை. வெளியே நன்றாகக் கழுவிக்கொண்டு, உள்ளே வெறுமனே ஊறிக் கிடக்க வேண்டும். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்ற விதிகளெல்லாம் தாமாகவே விளங்கும்.

வாசலில் ஆண், பெண் என்று தனித்தனித் திரை தொங்கும். பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தைப் பாருங்கள். ஆண் என்ற எழுத்தில் மேலே நான்கு கட்டம் போட்ட சதுரம் இருக்கும். பெண் என்ற எழுத்தில் கட்டமே இருக்காது, மூன்று கோடுகள் பின்னிக்கொண்டிருக்கும். பல விடுதிகளில் ராத்திரியோடு இரண்டு கூடங்களையும் மாற்றிவிடுவார்கள். நேற்று மாலை நீங்கள் போன கதவு இன்று காலை உங்களுடையது இல்லாமல் இருக்கலாம்.

உள்ளே உடை மாற்றும் அறை, வரிசையாகக் கூடைகள். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நீச்சலுடை அனுமதி கிடையாது. கூச்சம் வரும், நம்மில் யாருக்குத்தான் வராது? ஆனால் உள்ளே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கிழவர்கள், குழந்தையோடு வந்த அப்பாக்கள், எல்லோரும் அவரவர் குளியலில் இருப்பார்கள். பத்து நிமிடத்தில் அந்தக் கூச்சம் போய்விடும் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியும். சின்னத் துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கலாம். போனை வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் தாழ்வான முக்காலிகளும் கைக்குழாய்களும் இருக்கும். உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். நின்றுகொண்டு குளித்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் இரண்டு தடவை ஷாம்பு போட்டு அலசுங்கள், எண்ணெய்ப் படலம் தொட்டியில் மிதந்தால் எல்லோருக்கும் தெரியும். நீளமான முடியை உயர்த்திக் கட்டுங்கள், நுனிகூட நீரில் படக் கூடாது. சோப்பு நுரை துளியும் இல்லாமல் அலசி, முக்காலியையும் கழுவி வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

தொட்டி நீர் 40, 42 டிகிரி இருக்கும். ஒரேயடியாக இறங்காதீர்கள். கைப்பாத்திரத்தால் நீரை மொண்டு முதலில் காலில், அப்புறம் இடுப்பில், தோளில் ஊற்றிக்கொள்ளுங்கள். பிறகு மெதுவாக இறங்குங்கள். துண்டு நீரில் படக் கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை ஐந்து நிமிடம் போதும். ஏறி ஓரத்தில் உட்கார்ந்து, உடம்பு ஆறியதும் மறுபடி இறங்குங்கள். குளிர்காலத்தில் வெளித்தொட்டிக்குப் போங்கள், ரொத்தன்புரோ என்று பெயர். கழுத்து வரை சுடுநீர், முகத்தில் பனி. அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

உடை மாற்றும் அறைக்குள் நுழையும் முன்பே துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிடுங்கள், தரை ஈரமாகக் கூடாது. வெளியே வந்ததும் தண்ணீர் குடியுங்கள். மது அருந்திவிட்டு இறங்கவே கூடாது. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். மாதவிலக்கு நாள்களில் பொதுத்தொட்டியைத் தவிர்ப்பதுதான் அங்கே வழக்கம்.

நகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குசாட்சு போன்ற கந்தக ஊற்றில் வெள்ளி கறுத்துப்போகும். கொலுசையும் மெட்டியையும் அறைப் பெட்டகத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் உள்ளே விட மாட்டார்கள். யாக்குசா என்ற குற்றக் கும்பல்களோடு சேர்த்துப் பார்த்த பழக்கம் இன்னும் போகவில்லை. அம்மா பெயரைக் கையில் குத்தியிருந்தாலும் அதே விதிதான். சின்னதாக இருந்தால் மறைக்கும் ஒட்டுத்துணி சில இடங்களில் சரி என்பார்கள். கினோசாகியின் பொதுக் கூடங்களில் இந்தத் தடை இல்லை, நான் அந்த ஊரைச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

எப்படியும் பொதுவில் முடியாது என்பவர்கள் கஷிகிரி கேளுங்கள். ஒரு சின்னத் தொட்டியை நாற்பது, ஐம்பது நிமிடம் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் பூட்டிக்கொள்ளத் தருவார்கள். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் சில ஆயிரம் யென். வந்து சேர்ந்த உடனே நேரத்தைப் பிடித்துவிடுங்கள், மாலை நேரங்கள் சீக்கிரம் போய்விடும்.

கினோசாகியின் மாலை

ரியோகானில் தங்குபவர்களுக்கு ஊரின் பொதுக் கூடங்களில் கட்டணம் கிடையாது, அனுமதிச் சீட்டு விடுதியிலேயே தருவார்கள். ஒவ்வொரு கூடத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அன்று எது திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மரக்கட்டைச் செருப்பான கெத்தாவைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். பாதத்தை முழுதாகத் தூக்காமல் கொஞ்சம் இழுத்து நடந்தால் சுலபம். ஊர் முழுக்க அந்தக் கட்டைச் சத்தம்தான்.

காலில் அடிபட்ட நாரை ஒன்று நீரில் நின்று குணமானதைப் பார்த்துத்தான் ஊற்றைக் கண்டுபிடித்தார்கள் என்பது கோ நோ யு கூடத்தின் கதை. மண்டர யு கூடத்துக்கு வேறு கதை: தோச்சி என்ற துறவி ஆயிரம் நாள் வேண்டியபின் 720-இல் ஊற்று பெருக்கெடுத்ததாம். இச்சி நோ யுவில் பாறையைக் குடைந்த குகைக்குள் ஊறலாம். சாப்பாட்டுக்கு முன் இரண்டு, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று போதும். ஏழு கூடங்களையும் முடித்தே தீருவேன் என்று ஓடுகிறவர்கள் களைத்துப்போய்ப் படுப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இரவுச் சாப்பாடு

சொன்ன நேரத்துக்கு யுகாத்தாவோடே போகலாம். கைசெகி என்ற இந்த விருந்து ஒவ்வொன்றாக வரும்: சின்னத் தொடக்கம், பச்சை மீன், வேகவைத்தது, சுட்டது, கடைசியில் சோறும் சூப்பும் ஊறுகாயும், அப்புறம் பழம். சோறு கடைசியில்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள், சோற்றுக்காகக் காத்திருந்து மற்றவற்றை ஆறவிடாதீர்கள். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் ஈமச் சடங்கில் செய்பவை. அந்த இரண்டையும் மட்டும் தவிர்த்தால் போதும், குச்சி பிடிக்க வரவில்லை என்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கரண்டியும் கேட்கலாம்.

சாப்பிட்டுத் திரும்பும்போது மேசை ஓரமாகப் போயிருக்கும், தாத்தாமி மேல் ஃபுத்தோன் என்ற மெத்தை விரித்திருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் கட்டில் உள்ள அறை இருக்கிறதா என்று பதிவின்போதே கேளுங்கள்.

காலை

ஆறு மணிக்கு எழுந்து, சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை தொட்டிக்குப் போய் வாருங்கள். பெரும்பாலும் கூட்டமே இருக்காது, பல நேரம் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். காலை உணவு எட்டு மணிவாக்கில்: சோறு, மிசோ சூப், சுட்ட மீன், முட்டை, நோரி என்ற கடற்பாசித் தாள், சில இடங்களில் நாட்டோ என்ற புளித்த சோயா. ஃபுத்தோனை நீங்கள் மடித்து அலமாரியில் வைக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடலாம்.

கணக்கு தீர்க்கும்போது குடித்த பானங்களுக்கும் குளியல் வரிக்கும் தனியாகக் கேட்பார்கள். வரி பெரும்பாலும் தலைக்கு 150 யென். செருப்பு வாசலில் வெளியே பார்த்தபடி திருப்பி வைத்திருக்கும். ஒகாமியும் நகாய்சானும் உங்களோடு வாசல் வரை வந்து, வண்டி கிளம்பியதும் குனிந்து வணங்குவார்கள். தெருமுனையில் வண்டி திரும்பும்போது ஒரு தடவை திரும்பிப் பாருங்கள், அவர்கள் இன்னும் உள்ளே போயிருக்க மாட்டார்கள்.